தயாள் சிங் மாலைக் கல்லூரிக்குப் புதுப் பெயர்: மாணவர்கள் எதிர்ப்பதில் என்ன தவறு?

வாசகர் கேள்வி, 18 நவம்பர் 2017

தில்லி தயாள் சிங் மாலைக் கல்லூரிக்கு 'வந்தே மாதரம் மகாவித்யாலயா' என்று பெயர் வைக்க ஆட்சிக் குழு முடிவெடுத்திருக்கிறது. மாணவர்கள் எதிர்க்கிறார்கள். பட்டம் கொடுப்பது தில்லிப் பல்கலைக்கழகம். கல்லூரிக்கு எந்தப் பெயர் இருந்தால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா?

18 நவம்பர் 2017, இரவு 10.40

அந்தக் கல்லூரியில் 1983 முதல் 1986 வரை படித்தவன் நான். எனவே பொறுமையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

"வேறு வேலை இல்லையா" என்கிறீர்கள். இருந்தது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு வேலை இருந்தது, அதனால்தான் மாலைக் கல்லூரி. நான் மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவனில் எல்.டி.சி., அதாவது கீழ்நிலை எழுத்தர். பக்கத்து பெஞ்சில் ஒரு தபால் அலுவலக ஊழியர், பின்னால் கரோல் பாக் துணிக்கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறி, தகரப் பெட்டியோடு தில்லிக்கு ரயிலேறிய தமிழ்ப் பையன்களில் பலருக்குப் பட்டதாரி என்ற பேர் மாலைக் கல்லூரிகளில்தான் கிடைத்தது.

மீதியை நாளை எழுதுகிறேன். இப்போது எழுதினால் திட்டுவேன்.

19 நவம்பர் 2017, காலை

யார் இந்த தயாள் சிங்? நான் சேர்ந்தபோது எனக்கும் தெரியாது. சர்தார் தயாள் சிங் மஜீதியா. அப்பா லேனா சிங் மஜீதியா, பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் தளபதிகளில் ஒருவர். மகன் 1881இல் லாகூரில் 'தி டிரிப்யூன்' பத்திரிகையைத் தொடங்கினார். பஞ்சாப் நேஷனல் வங்கியைத் தொடங்கியதும் அவர்தான். லாகூரில் கல்லூரி கட்டினார். பிரிவினைக்குப் பிறகு அதே பெயரில் 1949இல் கர்னாலிலும் 1959இல் தில்லியிலும் கல்லூரிகள் வந்தன. தில்லிக் கல்லூரி 1978இல் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது.

சொத்தைக் கொடுத்தவரின் பெயர் அது. நன்றிக்காக ஒரு வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். அதையும் சுரண்ட வேண்டுமா? நம் ஊரில் பச்சையப்பன் கல்லூரியில் போய் இதைச் செய்து பாருங்கள்.

19 நவம்பர் 2017, மதியம்

காலையில் எழுதியதில் இரண்டு பிழைகள்.

ஒன்று, வங்கி. 1894இல் அதைத் தொடங்கியவர்கள் பலர், லாலா ஹர்கிஷன் லால் உட்பட. தயாள் சிங் அவர்களில் ஒருவர், முதல் தலைவர். கூட்டாகச் செய்த காரியத்தை ஒற்றை ஆள் கணக்கில் எழுதிவிட்டேன்.

இரண்டாவது பெரிய பிழை. "கல்லூரி கட்டினார்" என்றேன். அவர் கட்டவில்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. 1898இல் இறந்துவிட்டார். கல்லூரி திறந்தது 1910இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். பத்திரிகைக்கு ஒரு அறக்கட்டளை, கல்லூரிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என்று உயில் எழுதி வைத்திருந்தார். மனைவி பகவான் கௌர் வழக்குப் போட்டார். அது அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1903இல்தான் முடிந்தது.

அந்த வழக்கைச் சட்டம் படித்தவர்கள் இன்றும் அறிவார்கள். விவாதப் பொருள் பணம் அன்று. செத்துப்போனவர் இந்துவா இல்லையா என்பது! சீக்கியராகப் பிறந்தவர், பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர், ஆசாரங்களைப் பெரிதாகப் பாராட்டாதவர். உயில் பற்றிய அன்றைய சட்டத்தின் கணக்கில் அவர் இந்துவா? ஆம் என்றார்கள் லண்டன் நீதிபதிகள். உயில் பிழைத்தது, அதனால் கல்லூரியும் பிழைத்தது. இந்த மனிதரை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்ற சண்டை நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. இப்போதும் ஒரு பக்கம் "இது சீக்கியர்களை அவமதிப்பது" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "இது தேசத்துக்கு மரியாதை" என்கிறார்கள். அவர் விட்டுப்போனது மதச்சார்பில்லாத கல்விக்கான சொத்து.

20 நவம்பர் 2017

பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்பது சரி. மதிப்பெண் பட்டியலில் கல்லூரியின் பெயர் வருமே, அது? வேலைக்கு எழுதிப்போட்ட இடத்திலெல்லாம் அதைத்தான் முதலில் புரட்டினார்கள்.

கல்லூரியின் பெயரோடு எனக்கு இருந்த வேறொரு தகராறைச் சொல்ல வேண்டும். 'தயாள் சிங் கல்லூரி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் 'மாலை' என்று இருக்கும். அந்த அடைப்புக்குறி பட்ட பாடு! ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத்தில் ஒருவர் என் சான்றிதழை விரலால் நீவி, "ஈவினிங்கா?" என்று கேட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பகலில் எட்டு மணி நேரம் கோப்பு தூக்கிவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரை பொருளாதாரம் கேட்டவன் ஒரு படி கீழே என்று அவர் கணக்கு.

1988இல் என் கல்யாணப் பத்திரிகையில் 'பி.ஏ. (தில்லி)' என்று மட்டும் போட்டேன். அப்பா கேட்டார், "காலேஜ் பேரைப் போடலாமே, தயாளசிங்கம் என்று கேட்கவே நன்றாக இருக்கிறதே." (கடிதங்களில் அப்படித்தான் எழுதுவார். தமிழில் தயாளம் என்றால் கொடை, ஆகவே அவர் எழுதியதிலும் பிழையில்லை.) பெயரைப் போட்டால் அடைப்புக்குறியையும் போட வேண்டுமே. வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆக, அந்தப் பெயரை முதலில் அழித்தவன் நான்தான். நேற்றிலிருந்து இது உறுத்துகிறது.

20 நவம்பர் 2017, இரவு

ஆட்சிக் குழு சொல்லும் காரணத்தையும் பார்த்துவிடுவோம். ஒரே வளாகத்தில் தயாள் சிங் என்று இரண்டு கல்லூரிகள். ஒன்று பகலில், ஒன்று மாலையில். இந்த ஆண்டு மாலைக் கல்லூரியையும் பகல் கல்லூரியாக மாற்ற முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு 'மாலை' என்ற சொல் பொருந்தாது. அதை எடுத்தால் இரண்டும் ஒரே பெயர். குழப்பம் வரும் என்பது உண்மைதான்.

அந்த மாற்றத்தை எதிர்த்த ஆசிரியர்கள் எழுப்பியது வேறு கேள்வி: இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் பகலில் வந்தால் எங்கே உட்காருவார்கள்? வகுப்பறை பற்றாது, ஆய்வகம் பற்றாது. பெஞ்ச் கேட்டவனுக்குப் பெயர்ப்பலகை கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. அடைப்புக்குறியைத்தானே எடுக்க வேண்டும்? அதை எடுத்துக்கொள்ளுங்கள், தாம்பாளத்தில் வைத்துத் தருகிறேன். அதற்கு வெளியே இருக்கும் பெயரை ஏன் எடுக்கிறீர்கள்? பிள்ளைகள் கேட்பதும் இதுதான்.

22 நவம்பர் 2017

வந்தே மாதரத்தின் மேல் எனக்கு வெறுப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழா தொடங்கினால் அதைத்தான் பாடுவோம். எனக்கு இன்னும் முழுதாகத் தெரியும். உங்களுக்கு இரண்டாவது சரணம் தெரியுமா?

மறுக்க முடியாத சொல்லைக் கொண்டுவந்து கொடையாளியின் பெயர்மேல் வைக்கிறார்கள். எதிர்த்தால் அந்தச் சொல்லையே எதிர்த்ததாக ஆகிவிடும். சாமி படத்தை ஒட்டி வைத்த சுவர் மாதிரி; சுவர் யாருடையது என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாக ஒரு கல்லூரி கட்டி அதற்கு வந்தே மாதரம் என்று வைத்தால் நானே மாலை வாங்கிக்கொண்டு போவேன்.

25 நவம்பர் 2017

அகாலி தளத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் ஹர்சிம்ரத் கௌர் பாதலே எதிர்த்துப் பேசியிருக்கிறார். ஆளும் கூட்டணிக்குள்ளேயே சண்டை. மாணவர்கள் ஜெயிப்பார்கள் என்று தோன்றுகிறது, ஆனால் மாணவர்களால் அன்று.

எல்லைக்கு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். லாகூரில் அந்தப் பழைய கல்லூரி இன்றும் அரசு தயாள் சிங் கல்லூரிதான். நிஸ்பெட் சாலையில் தயாள் சிங் நூலகமும் இருக்கிறது. அவர்கள் எல்லாப் பெயரையும் விட்டுவைத்தவர்கள் அல்லர். லயால்பூரையே 1977இல் பைசலாபாத் ஆக்கினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. லயால்பூரில் 1908இல் தொடங்கிய கால்சா கல்லூரி பிரிவினையில் ஜலந்தருக்கு வந்தது. இன்றும் அதன் பெயர் லயால்பூர் கால்சா கல்லூரி. ஊர் பாகிஸ்தானில், ஊரின் பெயர் அங்கேயும் இல்லை, ஜலந்தரில் ஒரு கல்லூரி வாசலில் மட்டும் இருக்கிறது.

30 டிசம்பர் 2017

பெயர் மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மத்திய மனிதவள அமைச்சர் ஜாவடேகர் சொல்லிவிட்டார். 'ரத்து' இல்லை, 'நிறுத்திவைப்பு'. முப்பத்தைந்து வருடம் மத்திய அரசில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றில்லை.

3 ஜனவரி 2018

"அப்படியானால் எல்லாப் பெயர் மாற்றத்தையும் மாணவர்கள் எதிர்க்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

மராத்வாடா. 1978 ஜூலை 27இல் மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஔரங்காபாதில் இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்கத் தீர்மானம் போட்டன. அம்பேத்கருக்கும் அந்த ஊருக்கும் நேரடி உறவு உண்டு; 1950இல் அங்கே மிலிந்த் கல்லூரியைத் தொடங்கியவர் அவர். தீர்மானம் வந்ததும் எதிர்த்துக் கிளம்பியவர்கள் மாணவர்கள். கடையடைப்பு, பஸ் மறியல். பிறகு அது ஊர் ஊராகப் போய் தலித் குடியிருப்புகள் எரிந்தன. கொலைகளும் நடந்தன. அரசு தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது. பெயர் வர 1994 ஜனவரி 14 வரை ஆனது. கிட்டத்தட்டப் பதினாறு வருடம்.

எங்கள் பிரிவில் மராத்வாடாவின் நாந்தேட் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், யு.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பௌத்தர். பாவூ என்றுதான் கூப்பிடுவேன். மதியம் நானும் அவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். 1985 என்று நினைக்கிறேன், பத்திரிகையில் அந்தப் போராட்டம் பற்றி ஏதோ வந்திருந்தது. நான் சொன்னேன்: "ஒரு பேருக்காகவா இவ்வளவும்? எந்தப் பேரில் இருந்தால் என்ன, படித்தால் சரி."

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு சப்பாத்தி மிச்சம் இருந்தது. டிபன் பாக்ஸை மூடி, கொக்கியை மாட்டி, எழுந்து போய்விட்டார். நான்கைந்து நாள் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் கோப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எங்கள் சித்தப்பா வீடு எரிந்தது. பெயர் இன்னும் வரவில்லை."

இந்த இழையின் முதல் கேள்வியைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி உங்கள்மேல் வந்ததன்று. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு அதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன்.

4 ஜனவரி 2018

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மராத்வாடாவில் எதிர்த்த மாணவர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் என்று பொருள்பட எழுதிவிட்டேன். நிஜாம் ஆட்சியிலிருந்து மீண்ட பகுதி அது. தங்கள் வட்டாரத்தின் பெயர் போகிறதே என்று உண்மையாகவே வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். மறுபக்கம், சாதி இந்து மாணவர்களிலேயே பெயர் மாற்றத்துக்கு ஆதரவாக நின்றவர்களும் உண்டு. இருந்தாலும் வருத்தப்பட்டவன் யார் வீட்டையும் கொளுத்தவில்லையே. கொளுத்தியவர்களுக்குப் பிரச்சினை தங்கள் சான்றிதழில் அந்தப் பெயர் அச்சாவதுதான்.

கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? மராத்வாடாவை எடுக்கவில்லை. டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம். முன்னால் சேர்த்தார்கள். இது சமரசம் என்று அம்பேத்கர் ஆதரவாளர்களிலேயே சிலருக்குக் குறை.

ஆகவே, ஒருவரின் பெயரை எடுக்கிறார்களா, சேர்க்கிறார்களா என்று பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

4 ஜனவரி 2018, இரவு

போதாது. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம், பம்பாய், 1887. அதை 1997இல் வீரமாதா ஜீஜாபாய் என்று மாற்றினார்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்து நான்கும் அப்படியே: வி.ஜே.டி.ஐ. மகாராணியை எடுத்துவிட்டு சிவாஜியின் தாயாரை வைத்தார்கள், சுருக்கப் பெயர் மாறாததால் வாயில் பழகியது பழகியபடியே இருந்தது. இங்கே எடுத்திருக்கிறார்கள், எனக்குக் கோபம் வரவில்லையே? விக்டோரியா தன் சொத்தை விற்றுக் கட்டவில்லை என்பதாலா?

தயாள் சிங் விஷயத்தில் அவர்களுக்கு இந்த சாமர்த்தியம்கூட இல்லை.

9 ஜனவரி 2018

சென்னை ராணி மேரிக் கல்லூரியைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2003இல் அங்கே போராட்டம் பெயருக்காக அன்று, கல்லூரியே போகவிருந்தது. இடித்துவிட்டு அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொன்னது. மாணவிகள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் பெயரைப் பற்றி ஒரு தகவல். 1914இல் தொடங்கியபோது அது சென்னைப் பெண்கள் கல்லூரி. 1917இல்தான் ராணி மேரி ஆனது. அந்த மாணவிகள் தங்கள் உயிர் என்று நினைக்கும் பெயரும் மாற்றிய பெயர்தான். நாளை அதை மாற்ற ஒரு அரசு நினைத்தால் என் பக்கம் எது? மேரி ராணி கொடையாளி இல்லை, என் முந்தைய கணக்குப்படி எடுத்துவிடலாம். அந்தக் கல்லூரியில் படித்த என் அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கணக்கு தோற்றது.

11 ஜனவரி 2018

தில்லியில் குளிர் பற்றி ஒருவர் கேட்டதால் (இழை எங்கே போகிறது பாருங்கள்). ஜனவரியில் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் லோதி சாலையில் பனிமூட்டம். எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரியாது, விளக்கு மட்டும் மங்கலாக வரும். வாசலில் வேர்க்கடலைக்காரன். குவித்த கடலையின் உச்சியில் ஒரு சின்ன மண்சட்டி, அதில் கனல். சட்டியின் சூட்டில் கடலை சூடாக இருக்கும். காகிதப் பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டால் கரோல் பாக் போகும்வரை ஒரு கை மட்டுமாவது உயிரோடு இருக்கும். அவனிடம் யாராவது வழி கேட்டால், "தயாள் சிங்குக்கு எதிரே" என்பான். அவன் அடைப்புக்குறி போட்டதில்லை.

17 செப்டம்பர் 2020

மூன்று வருடம் கழித்து இந்த இழையைத் தேடி வந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியிருக்கிறது. கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களைக் கொண்ட பழைய பல்கலைக்கழகத்துக்கு 'அண்ணா தொழில்நுட்பம் மற்றும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்று பெயராம். இணைப்புக் கல்லூரிகளுக்காகப் புதிதாக வரப்போவதுதான் இனி 'அண்ணா பல்கலைக்கழகம்'! அதாவது வீட்டுக்காரரின் பெயரை மாற்றிவிட்டு, குடிவரப் போகிறவருக்கு அவர் பெயரைக் கொடுப்பது. ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஒரே குரலில் எதிர்க்கிறார்கள்.

என் அண்ணன் மகள் கிண்டியில் மூன்றாம் ஆண்டு. அவளிடம் உணர்ச்சி வசனம் எதுவும் இல்லை. "சித்தப்பா, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, நான் படித்தது எது, இப்போது அந்தப் பெயரில் இருப்பது எது என்று ஒவ்வொருவருக்கும் கதை சொல்ல வேண்டுமா? இத்தனை வருட ஆய்வுக் கட்டுரைகளும் தரவரிசையும் யார் கணக்கில் சேரும்?" என்கிறாள். என்னைப் போல உயில், கொடை, நன்றி என்று சுற்றாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். 2007இல் பிரித்து, பெயர்களை மாற்றி, 2012இல் மறுபடி ஒன்றாக்கியதையும் நினைவூட்டினாள். அந்த இடைவெளியில் கோவையிலும் திருச்சியிலும் திருநெல்வேலியிலும் தேறியவர்களின் சான்றிதழில் இருப்பது இன்று இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயர்.

2017இல் "பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், கல்லூரிப் பெயர் எதுவானால் என்ன" என்று கேட்ட நண்பர் இன்னும் இங்கே இருக்கிறாரா? இப்போது பல்கலைக்கழகத்தின் பெயரே மாறுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

18 செப்டம்பர் 2020

அவர் இருக்கிறார். அவர் மகனும் கிண்டியில்தான் படிக்கிறானாம். எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கச் சிரமமாக இருக்கிறது.

26 பிப்ரவரி 2023

கிண்டிக் கதை தெரிந்ததுதான். பெயர் மாறவில்லை, பிரிவும் நடக்கவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் தில்லி போயிருந்தேன். ஒரு மாலை சும்மா மெட்ரோவில் ஏறி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி நடந்தேன். கல்லூரி அதே பெயரில்தான் இருக்கிறது, 'மாலை'யும் போகவில்லை. வாசலுக்கு எதிரே வேர்க்கடலைக்காரன் யாரும் இல்லை. மோமோ வண்டி நிற்கிறது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன், கழுத்தில் கல்லூரி அட்டை. நானும் இங்கே படித்தவன், 1986 என்றேன். "அங்கிள், அப்போது நான் பிறக்கவே இல்லை, என் அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்" என்று சிரித்தான். பெயர் மாற்றத் தகராறு நினைவிருக்கிறதா என்றேன். கேள்விப்பட்டதில்லையாம்.

"தயாள் சிங் யார் தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தான். "காலேஜின் பழைய ஓனர்."

திருத்த வாயெடுத்தேன். 1895இல் எழுதிய உயிலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று யோசிப்பதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.